பதினாறு நோட்டு, ஒரே கோடு

சாணியைப் பற்றிப் படிக்க ஜெர்மனி வரைக்கும் போனவள் என்று எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், எதிர்வரிசையிலிருந்து யாராவது ஒரு சித்தப்பா, "ஏனம்மணி, நம்மூர்ச் சாணியும் அந்த ஊர்ச் சாணியும் ஒண்ணுதானா?" என்று ஆரம்பித்துவிடுவார். நானும் விடமாட்டேன். "நம்மூர்ச் சாணிக்கு மணம் ஜாஸ்திங்க சித்தப்பா, நீங்க இலையப் பாத்துச் சாப்பிடுங்க" என்பேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். கோபமோ மூக்குக்கு மேலே நிற்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எப்படிப் படித்து முடித்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

நான் ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவள். மாட்டைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. அப்பா ஒரு பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தார். மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் எத்தனை உயரம் ஏறுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. வீட்டில் அவருக்குப் பேச்சு குறைவு. தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரிலேயே இன்ஜினியரிங் முடித்த எனக்கு மாற்று எரிசக்தி படிக்க உதவித்தொகை கிடைத்து, ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன ஊருக்குக் கிளம்பினேன். அப்பா கடைசி நாள் ஒரு சென்னிமலைப் போர்வையைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்து, "அங்க குளுரு ஜாஸ்தியாமா" என்றார். வழியனுப்பு உரை அவ்வளவுதான்.

முதல் வருஷமே வெப்பவியல் தாளில் தோற்றேன். ஊரில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். அறிவிப்புப் பலகையில் என் எண்ணுக்கு நேரே இருந்ததை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். அங்கே விதி எளிமையானது. ஒரு தோல்வியைப் பொறுப்பார்கள். இரண்டாவது வந்தால் உதவித்தொகை நிற்கும், டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு எனக்குப் பெரிதாக மிச்சமிருந்தது ஆய்வேடு ஒன்றுதான். அது தேறினால் டிகிரி. இல்லையென்றால் வெறுங்கையோடு கோயமுத்தூர் ஜங்ஷனில் இறங்க வேண்டும். வீட்டுக்கு இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் பெருமையடித்துவிட்டு வந்த பிறகு, எந்த முகத்தோடு எழுதுவது?

வீட்டில் சாணி கேஸ் வைத்தால் விறகு எவ்வளவு மிச்சமாகிறது என்று ஆறு மாதம் அளந்து பார்ப்பது என் ஆய்வு. எங்கள் பேராசிரியர் நெட்டையாக, மெதுவாகப் பேசுகிற மனிதர். "தினமும் யார் அளப்பார்கள்?" என்று கேட்டார். அந்தந்த வீட்டுப் பெண்களே அளப்பார்கள் என்றேன். "சரியாக எழுதுவார்களா?" என்றார். எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்கள் சொன்னால் சொன்னபடி செய்வார்கள் என்று மார்தட்டினேன். மாட்டையே கிட்டத்தில் பார்க்காத ஆர்.எஸ்.புரத்துப் பெண்ணுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஆய்வுக்காக ஆறு மாதம் கோயமுத்தூருக்குத் திரும்பி வந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே மலையைப் பார்த்து நடந்தால் வருகிற ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பதினாறு வீடுகளில் சாணி கேஸ் இருந்தது. புழக்கடையில் வட்டமாக ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். சாணியைக் கரைத்து ஊற்றினால் கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அடுப்பைப் பற்றவைத்தால் கீழே இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். பதினாறு டிரம்மிலும் நானே வெள்ளை பெயிண்டால் ஒன்று முதல் பத்து வரை கோடு போட்டேன். வீட்டுக்கு ஒரு நோட்டும், விறகு நிறுக்க ஒரு ஸ்பிரிங் தராசும் கொடுத்தேன். காலையும் சாயங்காலமும் டிரம் எந்தக் கோட்டில் நிற்கிறது, அன்றைக்கு எத்தனை கிலோ விறகு எரிந்தது, இவ்வளவுதான் எழுத வேண்டும்.

என்னை வீடு வீடாக அழைத்துப்போய் அறிமுகப்படுத்தியவர் அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நடையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நம்ம புள்ளைங்க. சீமையில பரிச்சை எழுதுதுங்க. நம்மூரு பேரக் காப்பாத்திக் குடுங்க" என்பார். பதினாறாவதாக இருந்தது ஊர்க்கோடியில் ஒரு வீடு. மாமனார் காலம் வரை பண்ணைய வேலைக்குப் போன கிறிஸ்தவக் குடும்பம். இப்போது அந்த வீட்டுக்காரருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை, புழக்கடையில் மூன்று மாடு. அந்த வீட்டு அக்கா முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுல காப்பி குடிப்பீங்களா?" என்று கேட்டார். குடிப்பேன் என்றேன். அவர் அதை நம்பாமல், நான் கடைசிச் சொட்டு குடிக்கிறவரைக்கும் நின்று பார்த்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நோட்டுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவேன். பதினாறு வீடு, பதினாறு காப்பி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏனுங்க, எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டீங்களா?" என்பார்கள். அதற்குமேல் என்ன பேசுவது? எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கேஸ் அடுப்பு நீலமாக எரியும். டிரம் மேலே ஏறி நிற்கும். சனிக்கிழமை முழுக்க வயிறு கடமுடா என்று இருக்கும், மனசு மட்டும் நிறைந்திருக்கும்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஆர்.எஸ்.புரம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வரைபடத் தாளை விரித்து, பதினாறு வீட்டு எண்களையும் கோடாக இழுத்தேன். விறகு தினமும் ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ. அதைத் தாண்டவே இல்லை. சாணி கேஸ் விறகை ஒழித்துவிட்டது என்று தாள் சொல்லியது. அப்பா வேலை விட்டு வந்தவர் சட்டையைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கோடு ரொம்ப நல்லா இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்துவிட்டதே என்று நான் தலைகால் புரியாமல் இருந்தேன். அடுத்த நாளே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எல்லாவற்றையும் பேராசிரியருக்கு பேக்ஸ் பண்ணினேன்.

பதில் நாலு நாளில் வந்தது, ஒரே பக்கம். "உங்கள் ஊரில் மூன்று மாதமாக யார் வீட்டுக்கும் விருந்தாளி வரவில்லையா? யாருக்கும் காய்ச்சல் வரவில்லையா? பதினாறு வீடும் ஒரே வீடு போல இருக்கிறதே. என் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு கோடு வந்தால் முதலில் கருவியைத்தான் கழற்றிப் பார்ப்பேன். இந்த எண்களை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது." பூத்துக்காரர், "நல்ல சேதிங்களா?" என்று கேட்டார். நான் தாளை நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெள்ளைக்காரனுக்கு நம் ஊர்ப் பெண்கள் ஒழுங்காக எழுதினால் பொறுக்கவில்லை என்று மனசுக்குள் கருவிக்கொண்டே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினேன். சனிக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. தராசுகள் சரியாக இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எழுதி, அவர் முகத்தில் எறிய வேண்டும் என்பது என் திட்டம். ஊருக்குள் நுழைந்தபோது முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவதும் பூட்டு. எதிரே வந்த ஒரு பெரியவர், "பொம்பளைங்க அல்லாரும் அங்கன்வாடில இருக்கறாங்க அம்மணி. வெள்ளிக்கெழமையாச்சுன்னா அங்கதான்" என்றார்.

அங்கன்வாடி வாசலில் வரிசையாகச் செருப்புகள். உள்ளே குழந்தைகளின் பாயில் பதினாறு பெண்களும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் நான் கொடுத்த நோட்டு. டீச்சர் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "புதங்கெழமை. காத்தால டிரம்மு எட்டு. பொழுதோட மூணு. வெறகு ஒண்ணரை."

"டீச்சர், எனக்குப் போன வாரமும் ஒண்ணரைதானுங்க" என்றார் ஒருவர்.

"அப்ப நீங்க ஒண்ணேமுக்கால் போடுங்க. பக்கத்தூட்டு அக்கா ஒண்ணரை போடட்டும்."

"ஞாயித்துக்கெழமை எங்கூட்டுக்கு நாத்தனாரு வந்துபோட்டாங்க. அண்டா அண்டாவாத் தண்ணி காய வெச்சமுங்க."

"அது எதுக்குங்க இதுல? ரெண்டுன்னு போட்டு உடுங்க, போதும்."

நான் வாசலில் நின்றேன். முதலில் என்னைப் பார்த்தவர் சிரித்தமுகமாக, "வாங்க அம்மணி, உக்காருங்க. நாளைக்கு வேண்டியது முடிஞ்சுபோச்சுங்க" என்றார். அந்த முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் முடித்துக் கொடுக்கிற தாய் முகம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"இதென்னுங்க பண்றீங்க?" என்றேன்.

டீச்சர் விளக்கினார். ஆளாளுக்கு வீட்டில் எழுதினால் ஒரு வீட்டில் கூட இருக்கும், ஒரு வீட்டில் குறைய இருக்கும். அப்புறம் எந்த வீட்டுக்காரி கேஸ் இருந்தும் விறகை எரிக்கிறாள் என்று பேச்சு வரும். மனஸ்தாபம் வரும். அதற்குப் பதிலாக எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மாதிரி எழுதிவிட்டால் யாருக்கும் குறையில்லை. "அதுவுமில்லாம, நீங்க பரிச்சைங்கறீங்க. நாங்க எசகுபிசகா எழுதி நீங்க பெயிலாயிட்டா அந்தப் பாவம் எங்களுக்குத்தானுங்க?"

அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சனிக்கிழமை நான் வருவேன் என்று காலையிலிருந்தே கேஸைத் தொடமாட்டார்களாம். காலைச் சமையல் முழுக்க விறகில். நான் வரும்போது டிரம் கீழே கிடந்தால் நன்றாகவா இருக்கும்? எனக்கு நீலமாக எரிந்த அடுப்பெல்லாம் எனக்காகவே எரிந்த அடுப்பு. ஊர்க்கோடி அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "என்ற ஊட்டுல நெசமாவே வெறகு கம்மிதானுங்க. ஆனா பெரியூட்டுக்காரங்களவிட நான் கம்மியா எழுதுனா அவிய என்ன நெனப்பாங்க? ஒரு கிலோ ஏத்தியே எழுதிப்போட்டனுங்க" என்றார்.

நான் கத்தினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. "உங்ககிட்ட நான் மார்க்குப் பிச்சையா கேட்டேன்? மூணு மாசம் போச்சு. என்ற படிப்பே போச்சு" என்று பதினாறு பேர் முன்னால், அவர்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள் என்பதையும் மறந்து, வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஒருவர் மெதுவாக, "தண்ணி குடிங்க கண்ணு" என்றார். நான் திரும்பி நடந்தேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேரும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அழுகிறேன் என்பதே அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மனசு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. திரும்பிப் போக மூன்று மாதம்தான். கையில் இருப்பது ஒன்றுக்கும் உதவாத பதினாறு நோட்டு. பத்து நிமிஷத்தில் டீச்சர் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"இன்னொருக்கா மொதல்லருந்து எழுதுனா ஆவாதுங்களா?" என்றார்.

"ஆவாதுங்கக்கா. உங்களுக்குத் தெரியாது. நான் ஏற்கெனவே அங்க ஒரு பேப்பர்ல பெயிலுங்க. இதுலயும் போச்சுன்னா டிகிரியே இல்லீங்க" என்றேன். முதல்தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் ஆர்.எஸ்.புரத்தில் இல்லை, ஜெர்மனியில் இல்லை, லாரிப் புகைக்கு நடுவில் ஒரு பஸ் ஸ்டாப்பில்.

அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஊட்டுல தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. நல்லாப் படிக்கறேன்னுதான் எழுதியிருக்கறேன்."

"அப்ப நீங்களும் எங்களாட்டத்தான் எழுதிக் குடுத்திருக்கறீங்க" என்றார். கேலி இல்லை, குத்தல் இல்லை. பருப்பில் உப்பு கம்மி என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன். அம்மா சாப்பாடு போட்டு, "நோட்டெல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே போனேன். டீச்சரிடம் சொல்லி எல்லாரையும் அங்கன்வாடிக்கு வரவழைத்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நான் பெயிலானதைச் சொன்னேன். எந்தப் பாடம், எத்தனை மார்க், ஏன் தோற்றேன், எல்லாவற்றையும். பாடம் புரியவில்லை, புரியவில்லை என்று கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் தோற்றேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகம் மாறியது. ஊருக்கு வந்திருந்த சீமைப் படிப்புக்காரி போய், நான் அவர்களில் ஒருத்தியாக ஆனது போல இருந்தது. "எனக்கு நல்ல நம்பரு வேண்டாமுங்க. நெசமான நம்பரு ஓணும். வெறகு பத்துக் கிலோ எரிஞ்சா பத்துன்னே போடுங்க. அதுதான் என்னையப் பாஸாக்கும்" என்றேன்.

பெரியவீட்டு மருமகள், "எங்க மாமியாருகிட்டக் காட்ட மாட்டீங்களே?" என்றார். காட்டமாட்டேன் என்றேன். "டீச்சருகிட்டயும் காட்டக் கூடாதுங்க" என்றது இன்னொரு குரல். டீச்சர் முறைத்தார், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நோட்டின் மேல் இருந்த பெயர்களைக் கிழித்துவிட்டு எண் மட்டும் போடுவது, நோட்டை அவரவர் அரிசி டப்பாவுக்குள் வைத்துக்கொள்வது, நான் எந்தக் கிழமை வருவேன் என்று சொல்லாமலே வருவது என்று அங்கேயே பேசி முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அன்றோடு நின்றது.

அடுத்த மூன்று மாதம் நான் வாழ்க்கையில் படித்ததிலேயே ருசியான எழுத்து அந்த நோட்டுகளில் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் காரணமும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். "நாத்தனார் வந்தாங்க, வெறகு ஒன்பது." "மாடு ஒண்ணு வித்துட்டோம், டிரம்மு ஏறலை." "காய்ச்சல், சாணி கரைக்கலை." "அமாவாசை, எல்லாருக்கும் தலைக்குத் தண்ணி." ஒரு நோட்டில், "இன்னிக்கு எழுதப் புடிக்கலை" என்று மட்டும் இருந்தது. மழையும் குளிரும் சேர்ந்த மாதத்தில் கேஸ் பாதியாகக் குறைந்தது. விறகு பெரும்பாலும் சமையலுக்கே போகவில்லை. காலையில் வீட்டில் அத்தனை பேருக்கும் குளிக்க வெந்நீர் வைப்பதற்குத்தான் போனது. வெந்நீருக்கு வழி சொல்லாமல் சாணி கேஸை மட்டும் கொடுத்துவிட்டு விறகு ஒழியும் என்று எதிர்பார்ப்பது வீண் என்று பதினாறு பேரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அளக்க வந்தது இதைத்தான். மூன்று மாதமாக அவர்கள் மரியாதைக்காக என்னிடமிருந்து மறைத்ததும் இதைத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் ஊர்க்கோடி வீட்டுக்குப் போனேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். உள்ளே போகவில்லை. "காப்பி இல்லீங்க" என்றார். "கேஸு காத்தாலயே தீந்துபோச்சு. எரிக்கத் தென்ன மட்டையும் ஈரமாக் கெடக்குது." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று அவர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். அதுவும் அந்த வீட்டில் காப்பி என்பது வெறும் காப்பி இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "பரவாயில்லீங்கக்கா, நோட்டக் குடுங்க" என்றேன். டிரம் காலையில் நாலு, கேஸ் தீர்ந்தபோது ஒன்று என்று எழுதியிருந்தது. புழக்கடையில் போய்ப் பார்த்தேன். ஒன்றில்தான் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர், "காப்பி இல்லாததுக்கா இந்தச் சிரிப்பு" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜெர்மனிக்குத் திரும்பி ஆய்வேட்டை எழுதினேன். முதல் மூன்று மாத எண்களையும் மறைக்காமல் அதில் வைத்தேன். ஒரே தாளில் முதல் பாதி இஸ்திரி போட்ட மாதிரி நேர்கோடு, இரண்டாம் பாதி மேடும் பள்ளமுமாக. வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "முதல் பாதியில் ஏமாந்திருக்கிறீர்கள். இரண்டாம் பாதியிலும் ஏமாறவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்துக்குச் சூத்திரங்களோடு பதில் தயாராக வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இதில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. "இரண்டாம் பாதியில் ஒரு வீட்டில் எனக்குக் காப்பி கொடுக்கவில்லை" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம், அந்த வீட்டார் அதை என்னிடம் சொல்ல எத்தனை நாள் ஆயிற்று, சொன்ன அன்றைக்கு டிரம் எந்தக் கோட்டில் நின்றது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் திக்கித் திக்கிச் சொன்னேன். அந்த அம்மா நோட்டுகளின் நகல்களைப் புரட்டி, தமிழில் எழுதியிருந்த ஒரு குறிப்பைக் காட்டி அர்த்தம் கேட்டார். "இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "இது உண்மைதான்" என்று பேராசிரியரிடம் சொன்னார். என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது மூன்று பேரும் எழுந்து கை கொடுத்தார்கள். வெந்நீர் விஷயத்தையே எடுத்துக்கொண்டு மேலே ஆராய்ச்சி செய்கிறாயா என்று பேராசிரியர் கேட்டார். செய்கிறேன் என்றேன்.

நேராக ஒரு போன் கூண்டுக்குப் போய் வீட்டுக்குப் பேசினேன். அப்பாதான் எடுத்தார். "பாஸுங்கப்பா" என்றேன். "சரி" என்றார். "அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்றார்.

அம்மா அழுதுகொண்டே என்னென்னவோ கேட்டார். காசு தீரத் தீரப் போட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு விட்டால் இனி என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க. மொத வருஷம் நான் ஒரு பேப்பர்ல பெயிலாயிட்டேன். உங்ககிட்டச் சொல்லலை."

"தெரியுங் கண்ணு" என்றார் அம்மா.

"எப்படிங்கம்மா?"

"அந்த மாசம் உன்ற கடுதாசி மூணு பக்கம் வந்துது. ரொட்டி நல்லா இருக்குது, பனி நல்லா இருக்குது, பக்கத்து ரூம்புப் பொண்ணு நல்ல பொண்ணுன்னு. நீ என்னிக்கு அத்தனை நல்லதப் பாத்திருக்கறே? அப்பாதான் ரெண்டு தடவை படிச்சாரு. புள்ள எதுலயோ தோத்துட்டா, அவளாச் சொல்ற வரைக்கும் கேட்டுராதேன்னாரு. நீ ஆறு மாசம் இங்க இருந்தயே, அப்பவும் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. உன்ற போனு வந்தா இங்கயே நிப்பாரு, இன்னைக்காச்சும் சொல்லுவியான்னு."

"இப்ப எங்கிருக்காருங்க?"

"இங்கதான் நிக்கறாரு."

"அப்பாகிட்டக் குடுங்கம்மா" என்றேன்.